அடுப்படிப் புகை ஏன் திரும்பி வருகிறது?

கடந்த நோன்பு மாதத்தில் எங்கள் வீட்டுச் சஹர் நேரம் கண்ணீரோடுதான் கழிந்தது. 2022 இல் எரிவாயுத் தட்டுப்பாடு வந்தபோது மீண்டும் மூட்டிய விறகடுப்பை நாங்கள் இன்னும் விடவில்லை. உம்மா அடுப்பை மூட்டி ஐந்து நிமிடத்தில் குசினி புகையால் நிறைந்துவிடும். உள்ளறையில் உம்மும்மா இருமத் தொடங்குவார். அவருக்கு ஏற்கனவே இழுப்பு. “விறகு ஈரம்” என்றார் வாப்பா. “புகைக்கூண்டு கட்டிய மேசன் சரியில்லை” என்றார் மாமா. பகலில் அதே அடுப்பு ஒழுங்காக எரிந்ததே, அது எப்படி என்று எவரும் கேட்கவில்லை. விஞ்ஞானப் பாடத்தில் அடர்த்தி படித்துக்கொண்டிருந்த எனக்கு அந்தக் கேள்விதான் வழிகாட்டியது.

புகைக்கூண்டு புகையை இழுக்கிறது என்று சொல்கிறோம். உண்மையில் அது தள்ளப்படுகிறது. காற்று சூடாகும்போது விரிந்து பாரம் குறைகிறது. கடல்மட்டத்தில், 27 பாகை செல்சியசில் ஒரு கனமீற்றர் காற்றின் நிறை ஏறத்தாழ 1.18 கிலோகிராம். 127 பாகையில் அது 0.88 கிலோகிராம்தான். வெளியிலுள்ள பாரமான காற்று கீழ்வழியாக நுழைந்து, கூண்டிலுள்ள இலேசான காற்றை மேலே தள்ளிவிடுகிறது. 3 மீற்றர் உயரமான கூண்டில் இந்தத் தள்ளலின் அளவு ஏறத்தாழ 9 பஸ்கால். 1 மில்லிமீற்றர் உயரத் தண்ணீரின் அழுத்தம்கூட இதைவிடச் சற்று அதிகம். இவ்வளவு மெல்லிய விசையைக் குழப்பச் சிறு காரணமே போதும்.

முதற் காரணம் காற்றுப் பஞ்சம். மேலே புகை போக வேண்டுமானால் கீழே காற்று வரவேண்டும். சஹர் நேரக் குளிருக்குப் பயந்து நாங்கள் கதவு, யன்னல் எல்லாவற்றையும் அடைத்திருந்தோம். அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்ளின் 1785 இல் புகையும் கூண்டுகளைப் பற்றி எழுதியபோது ஒன்பது காரணங்களைக் கூறினார். அவற்றில் முதலாவதும் இதுவே. இதைச் சோதிப்பது எளிது. அடுப்பு புகையும்போது யன்னலைக் கையகலம் திறவுங்கள். புகை அடங்கினால் குற்றம் மேசனுடையதல்ல.

இரண்டாவது, குளிர்ந்த கூண்டு. இரவு முழுவதும் குளிர்ந்த செங்கல்லுக்குள் பாரமான காற்று அடைப்புப்போல நிற்கும். அடுப்பு மூட்டுமுன் அதன் வாயில் ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள். புகை நம் பக்கம் சாய்ந்தால், ஒரு பழைய பத்திரிகைத் தாளைச் சுருட்டிக் கொளுத்திக் கூண்டின் அடியில் பிடிக்க வேண்டும். அந்தச் சிறு சூடு அடைப்பை நகர்த்திவிடும்.

மூன்றாவது ஈர விறகு. வாப்பா சொன்னதிலும் உண்மை இருந்தது. கவ்வாத்து மிளாறோ சவுக்குக் கட்டையோ ஈரமாக இருந்தால், நெருப்பின் சூடு முதலில் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிறது. புகை குளிர்ந்து, கூண்டின் உட்சுவரில் கரிப்பசையாகப் படிந்து வழியைச் சுருக்குகிறது. எங்கள் கூண்டைத் தட்டித் துப்புரவாக்கியபோது அரை வாளி கரி விழுந்தது!

ஜூலையில் அடுத்த தொல்லை வந்தது. தென்மேல் பருவக்காற்று மத்திய மலையின் மறுபக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, ஊவாப் பக்கம் வறண்ட கச்சான் காற்றாக இறங்கும். ஊவாத் தேயிலைக்கு வாசனை தரும் அதே காற்று எங்கள் கூண்டின் வாயில் ‘ஊ’ என்று ஊளையிட்டது. வெறும் போத்தலின் வாயில் ஊதினால் ஒலி எழுவதும் இப்படித்தான். மணிக்கு 14 கிலோமீற்றர் வேகக் காற்றின் அழுத்தமே 9 பஸ்காலைத் தாண்டும். மலைச்சரிவில் அது கீழ்நோக்கி வீசினால் புகை குசினிக்கே திரும்பும். இதற்கு மருந்து, கூண்டின் வாயைக் கூரை முகட்டுக்கு மேலே உயர்த்தி, பக்கங்கள் திறந்த தகரத் தொப்பி ஒன்றை இறுக்கிப் பூட்டுவது. யன்னலையும் காற்று வரும் பக்கத்தில்தான் திறக்க வேண்டும். மறுபக்கத்தில் திறந்தால் அது புகையை வீட்டுக்குள் இழுத்துவிடும்.

ஒலிகளையும் பிரித்தறிய வேண்டும். ‘கட கட’ என்றால் தொப்பி தளர்ந்திருக்கிறது. ‘குப் குப்’ என்று நெருப்பு மூச்சுவாங்கினால் காற்றுப் போதவில்லை. புகையிரதம் வருவதுபோல இரைந்தால் கூண்டிலுள்ள கரியே தீப்பற்றியிருக்கிறது. உடனே அனைவரும் வெளியேறி உதவி கேட்க வேண்டும்.

இவ்வளவும் கூண்டுள்ள வீட்டின் கதை. என் தோழியின் வீடு தோட்டத்து இரட்டை லயத்தில் இருக்கிறது. முதுகோடு முதுகு ஒட்டிய காம்பராக்கள். பின்சுவரில் யன்னல் வைக்க இடமே இல்லை. புகை போவது கூரைத் தகர இடுக்கால் மட்டும். அவளுடைய அம்மா களிமண்ணால் செய்த அனகி அடுப்புப் பாவிக்கிறார். விறகு மிச்சப்படுகிறது, ஆனால் அந்த அடுப்புக்குப் புகைக்கூண்டு கிடையாது. கொழுந்து பறித்துக் களைத்து வருபவர் மாலையில் அந்தப் புகைக்குள்தான் குனிந்து நிற்கிறார். வீட்டுப் புகையால் 2020 இல் உலகில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. புதிய வீடு கட்டுவோர் குசினிக்கு எதிரெதிரே இரண்டு திறப்புகளாவது வைக்கட்டும்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்தும் உண்டு. அடைத்த அறையில் எரியும் கரி, மணமற்ற காபனோரொட்சைட்டு வாயுவை வெளிவிடும். தலையிடி, மயக்கம், பிறகு மரணம். குளிருக்காகத் தணல் சட்டியை அறைக்குள் வைத்து உறங்கவே கூடாது. உறங்கும்போது வீட்டில் நெருப்பை எரியவிட வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்திருப்பதன் பெறுமதியை இதைப் படித்தபோது மேலும் உணர்ந்தேன்.

இப்போது எங்கள் குசினி யன்னல் கையகலம் திறந்தே இருக்கிறது. விறகு அடுப்புக்கு மேலே பரணில் காய்கிறது. உம்மும்மாவின் இழுப்பு மாறிவிடவில்லை. ஆனால் உம்மா அடுப்பை மூட்டும்போது அவர் இருமி எழுவதில்லை, அல்ஹம்துலில்லாஹ்.