டேப்லெட்டா, குட்டி லேப்டாப்பா? பணம் கட்டும் முன் ஒரு கேள்வி

சென்டாக் கலந்தாய்வு முடிந்து கல்லூரி சீட்டு உறுதியானதும், நம்ம ஊர் வீடுகளில் அடுத்ததாக எழும் பேச்சு இது: "பிள்ளைக்கு டேப் வாங்கலாமா, லேப்டாப் வாங்கலாமா?" பல வீடுகளில் இதற்கென்று ஒதுக்க முடிந்தது 15,000 முதல் 20,000 ரூபாய்தான். நேரு வீதிக் கடைகளில் போய் நின்றால் அந்தப் பணத்துக்கு இரண்டுமே கிடைக்கும். ஒரு பக்கம் பளிச்சென்ற திரையோடு டேப்லெட். இன்னொரு பக்கம் 11 அங்குல மினி லேப்டாப். பிள்ளையின் கண் டேப் மேல், அப்பாவின் கண் லேப்டாப் மேல். விற்பனையாளர் எதை முதலில் எடுத்துக் காட்டுகிறாரோ, பெரும்பாலும் அதுவே வீட்டுக்கு வந்துவிடுகிறது.

கடைக்குக் கிளம்புவதற்கு முன் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் கையில் ஏற்கெனவே ஸ்மார்ட்போன் இருக்கிறது. இந்தக் கட்டுரையையே அதில்தான் படித்துக்கொண்டிருப்பீர்கள். அந்த போனில் செய்ய முடியாத எந்த வேலைக்காகப் புதுக் கருவி வாங்கப் போகிறீர்கள்?

சென்டாக் விண்ணப்பத்துக்காக என்றால் வேண்டாம். டிஜிலாக்கரில் சி.பி.எஸ்.இ. மதிப்பெண் சான்றிதழ் இருக்கிறது, போனிலேயே பி.டி.எஃப். ஆக்கிப் பதிவேற்றலாம். சிரமமாக இருந்தால் பக்கத்துப் பொது சேவை மையத்தில் செய்துகொள்ளலாம். வருடத்துக்கு ஒரு தடவை வருகிற வேலைக்கு 15,000 ரூபாய் செலவழிக்கத் தேவையில்லை.

வீடியோ பாடம் பார்க்க, பாடநூல் பி.டி.எஃப். படிக்க, திரை சின்னதாக இருந்து கண் வலிக்கிறதா? அப்போது டேப் சரியான பதில். பேனாவோடு வருகிற டேப் என்றால் கணக்குப் போட, படம் வரைய இன்னும் வசதி. ஆனால் பத்துப் பக்க புராஜெக்ட் தட்டச்சு செய்ய வேண்டும், டேலி கற்க வேண்டும், பைத்தான் எழுதிப் பார்க்க வேண்டும் என்றால் உங்களுக்குத் தேவை விசைப்பலகை, அதாவது லேப்டாப். டேப் என்பது பெரும்பாலும் பெரிய போன்தான். போனில் கஷ்டப்பட்ட வேலைகளில் பாதி அதிலும் கஷ்டப்படும். புளூடூத் விசைப்பலகை வாங்கி மாட்டிக்கலாமே என்பீர்கள். மாட்டலாம், தமிழ்99 முறையில் வேகமாக அடிக்கவும் செய்யலாம். ஆனால் டேலி விண்டோஸ் கணினிக்கான மென்பொருள். எத்தனை விசைப்பலகை மாட்டினாலும் ஆண்ட்ராய்டு டேப்பில் அதை நிறுவ முடியாது. மலிவாகக் கிடைக்கும் குரோம்புக்குக்கும் இதே குறை உண்டு, கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்றும் உண்டு. புதுவைப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான க்யூட், பொறியியலுக்கான ஜே.இ.இ. மெயின் எல்லாம் இப்போது கணினியில் எழுதும் தேர்வுகள். தொடுதிரையிலேயே வளர்ந்த பிள்ளைக்குத் தேர்வு மையத்தில் மவுஸைப் பிடிப்பதே புதுசாக இருக்கும். வீட்டில் கணினி வாங்க முடியாவிட்டாலும், தெரிந்தவர் வீட்டிலோ பள்ளிக் கணினி அறையிலோ நான்கைந்து மாதிரித் தேர்வுகளை மவுஸால் எழுதிப் பழகச் சொல்லுங்கள்.

அரசுகளுக்கும் வந்த குழப்பம்

இந்தக் கேள்வியில் தடுமாறியது நாம் மட்டுமில்லை. 2007-இல் ஏசூஸ் நிறுவனம் 7 அங்குலத் திரையோடு ஈ பிசி என்ற குட்டிக் கணினியைக் கொண்டுவந்தது. அந்த வகைக்கு நெட்புக் என்று பெயர் வந்தது. சில ஆண்டுகள் சக்கைப்போடு போட்டது. 2010-இல் ஐபேட் வந்தது, 2013 வாக்கில் பெரிய நிறுவனங்கள் நெட்புக்கைக் கைவிட்டுவிட்டன. இன்று கடையில் மினி லேப்டாப் என்று விற்பது அதன் வாரிசு.

2011 ஒரு சுவாரசியமான வருடம். செப்டம்பர் 15 அன்று பக்கத்துத் தமிழ்நாட்டில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. மூன்றே வாரத்தில், அக்டோபர் 5 அன்று, மத்திய அரசு ஆகாஷ் டேப்லெட்டை டெல்லியில் அறிமுகப்படுத்தியது. உலகிலேயே மலிவான டேப் என்று பேசப்பட்டது, அரசுக்கு அடக்கவிலை சுமார் 2,300 ரூபாய். 7 அங்குலத் திரை, 256 எம்.பி. ரேம். ஆனால் திரையை அழுத்தித் தொட வேண்டும், செயலிகள் திணறின. அடுத்த ஆண்டே மேம்பட்ட ஆகாஷ் 2 வர வேண்டியதாயிற்று.

2025 மார்ச்சில் தமிழ்நாடு பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு "டேப்லெட் அல்லது மடிக்கணினி" என்று அறிவித்தார்கள். அந்த "அல்லது" எனக்கு ரொம்பப் பிடித்தது, நம் வீட்டு விவாதம் அப்படியே பட்ஜெட்டில்! பிறகு எல்காட் டெண்டர் விட்டது மடிக்கணினிக்கு. அதில் கேட்கப்பட்டது 8 ஜி.பி. ரேம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. இந்த இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

லேப்டாப் என்ற பெயருக்கு மயங்க வேண்டாம்

ஏன் குறித்துக்கொள்ளச் சொல்கிறேன் என்றால், கடையில் கிடைக்கும் மலிவு மினி லேப்டாப் பலவற்றில் இருப்பது 4 ஜி.பி. ரேம், 64 ஜி.பி. சேமிப்பு. விண்டோஸ் 11 நிறுவக் குறைந்தபட்சத் தேவையும் சரியாக இதேதான். அதாவது கணினி உயிரோடு இருக்கப் போதும், வேலை செய்யப் போதாது. அந்தச் சேமிப்பும் பெரும்பாலும் இ.எம்.எம்.சி. என்னும் மெதுவான வகை. தாய்ப்பலகையிலேயே பற்றவைத்திருப்பதால் பிறகு கழற்றிப் பெரிதாக மாற்ற முடியாது.

இதழியல் படித்தபோது நானே இப்படி ஏமாந்தேன். 32 ஜி.பி. சேமிப்போடு ஒரு குட்டி லேப்டாப், தூக்க லேசு, விலையும் லேசு. மூன்றாவது மாதமே விண்டோஸ் அப்டேட்டுக்கு இடமில்லை என்றது. செய்முறைத் தேர்வுக்கு முந்தின இரவு ஒவ்வொரு போட்டோவாக அழித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அந்தக் கட்டுரையைத் தோழியின் கணினியில் அடித்து முடித்தேன்.

அதனால் என் கணக்கு இது. உங்கள் பட்ஜெட்டில் 8 ஜி.பி. ரேம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. உள்ள புது லேப்டாப் கிடைக்கவில்லை என்றால், புதுசான மினி லேப்டாப்பைவிட, அலுவலகங்களில் இருந்து வந்து பழுதுபார்த்து வாரண்டியோடு விற்கப்படும் லேப்டாப் நல்லது. அதில் ஒன்றைப் பார்த்து வாங்குங்கள்: இன்டெல் புராசஸர் என்றால் 8-ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ இருக்க வேண்டும். அதற்கு முந்தையவற்றில் விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் ஆதரிப்பதில்லை, விண்டோஸ் 10-க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. இன்னொரு வழியும் உண்டு. பிளஸ் 1, பிளஸ் 2-வில் அரசு கொடுத்த இலவச லேப்டாப் வீட்டில் மூலையில் கிடந்தால், புதுசு வாங்கும் முன் அதை ஒரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ரேம் கூட்டியோ எஸ்.எஸ்.டி. மாற்றியோ சில ஆயிரத்தில் வேலை முடியலாம்.

கேம் விளையாடவும் வேணுமாம்

பிள்ளைகள் இதை வெளியே சொல்வதில்லை, ஆனால் பாதி முடிவு இங்கேதான் எடுக்கப்படுகிறது. நேராகச் சொல்லிவிடுகிறேன். போன் கேம்களுக்கு டேப் நல்லது, திரை பெரிசு. மினி லேப்டாப்பில் பெரிய கணினி கேம்கள் ஓடாது. ஜி.டி.ஏ. 5 ஒன்றுக்கே 70 ஜி.பி.க்கு மேல் இடம் வேண்டும், 64 ஜி.பி. கணினியில் எங்கே வைப்பது? அதற்கான கிராஃபிக்ஸ் திறனும் அதில் இல்லை. கேமுக்காக என்று பிள்ளை அடம்பிடித்து மினி லேப்டாப் வாங்கினால் இரண்டு பேருக்குமே ஏமாற்றம்.

டேப் என்றால் முதல் நாளே கூகுள் ஃபேமிலி லிங்க் போட்டு, பெற்றோர் அனுமதி இல்லாமல் எதையும் வாங்க முடியாதபடி செய்துவிடுங்கள். உங்கள் யு.பி.ஐ., கார்டு எதையும் அந்தக் கருவியில் சேர்க்காதீர்கள். பணம் கட்டி, பணம் ஜெயிக்கலாம் என்று ஆசை காட்டும் ஆன்லைன் ஆட்டங்களை 2025-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடை செய்திருக்கிறது, அவற்றுக்கு விளம்பரம் செய்வதும் குற்றம். பணம் போய்விட்டால் தயங்காமல் உடனே 1930-ஐ அழையுங்கள், தாமதிக்கத் தாமதிக்கப் பணத்தைத் தடுத்து நிறுத்துவது கடினமாகும்.

கரண்ட் போனால்

2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலை நாம் மறக்க மாட்டோம். ஒரே நாளில் புதுச்சேரியில் கிட்டத்தட்ட 48 செ.மீ. மழை, மின்சாரமும் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் டேப் கைகொடுக்கும், போனுக்கு வைத்திருக்கும் பவர் பேங்கிலேயே சார்ஜ் ஏறும். லேப்டாப்புகள் பலவற்றுக்கு 45, 65 வாட் தேவை, சாதாரண பவர் பேங்க் போதாது. லேப்டாப்தான் என்று முடிவு செய்தால் டைப்-சி வழியாக சார்ஜ் ஏறும் மாடலாகப் பாருங்கள்.

வாங்கும்போது

டேப்போ லேப்டாப்போ, பின்புறம் பி.ஐ.எஸ். பதிவு எண் இருக்க வேண்டும். 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும் அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் எந்த நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டது என்று காட்டும். பில்லில் மாடலும் சீரியல் எண்ணும் எழுதியிருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். பில் தர மறுத்தாலோ வாரண்டியில் தகராறு செய்தாலோ தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

காந்தி வீதி சண்டே மார்க்கெட் மாதிரி இடத்திலோ, தெரிந்தவரிடமோ பழைய டேப் வாங்கினால் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். சிம் போடும் டேப்புக்கு போன் மாதிரியே 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ. எண் உண்டு, அமைப்புகள் பகுதியில் இருக்கும். கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, இடைவெளி விட்டு அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். கறுப்புப் பட்டியலில் இருப்பதாகப் பதில் வந்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள், திருட்டுப் பொருளாக இருக்கலாம். உங்கள் டேப் தொலைந்தாலும் இதே எண்ணை வைத்துத்தான் போலீஸில் புகார் கொடுத்து, சஞ்சார் சாத்தி தளத்தில் முடக்க முடியும். வைஃபை மட்டும் உள்ள டேப்புக்கும் பெரும்பாலான லேப்டாப்புகளுக்கும் இந்த எண் கிடையாது. அவற்றுக்கு சீரியல் எண்தான் அடையாளம், வாங்கிய அன்றே பில்லோடு சேர்த்து அதை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.