குஞ்சு பொரித்து எத்தனை நாள்?

கோழிக்குஞ்சு தூங்கி விழ ஆரம்பித்ததுமே மருந்துக்கடைக்கு ஓடுகிறோம். அதற்கு முன்னால் எண்ணிப் பார்க்க வேண்டியது, அது பொரித்து எத்தனை நாளாகிறது என்பதை. குஞ்சுகளின் நோய்கள் பெரும்பாலும் வயது பார்த்து வருபவை. வயது தெரிந்தால் பாதி நோய் பிடிபட்டுவிடும்.

முதல் வாரத்தில் பெரிய எதிரி குளிர். அந்த வயதில் குஞ்சுக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. தாய்க்கோழி இல்லாத இடத்தில் 95 டிகிரி ஃபாரன்ஹீட் வெப்பம் வேண்டும். பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைக்கலாம். கேரள-தமிழ்நாடு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் இது எளிதல்ல. பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்து மார்கழி, தை மாதங்களில் அடிக்கும் கிழக்குக் காற்று தென்னந்தோப்பில் கட்டிய கொட்டகைக்குள் ராத்திரியெல்லாம் வீசும். வெப்பமானி இல்லாவிட்டாலும் குஞ்சுகளே சொல்லிவிடும். விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கீச்சிட்டால் குளிர். விளக்கைவிட்டு விலகி வாயைப் பிளந்தால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கினால் எங்கிருந்தோ காற்று வருகிறது. அந்தப் பக்கம் சாக்கைக் கட்டுங்கள். விறைத்துப்போன குஞ்சுக்கு முதலில் சூடு, அடுத்து வெதுவெதுப்பான தண்ணீர், தீவனம் அதன் பிறகே.

இதே வயதில் வயிறு உப்பி, தொப்புள் ஈரமாக நாறினால் அது தொப்புள் அழற்சி. அழுக்கு முட்டையை அடை வைப்பது இதற்கு முக்கியக் காரணம். பின்புறத்தில் வெள்ளை எச்சம் சாந்துபோல ஒட்டியிருந்தால் குளிராலும் இருக்கலாம், தாயிடமிருந்து முட்டை வழியாகவே இறங்கும் சால்மோனெல்லா கிருமியாலும் இருக்கலாம். குறிப்பிட்ட ஒரு கோழியின் குஞ்சுகள் ஒவ்வொரு ஈட்டிலும் இப்படிச் சாகின்றன என்றால் அதன் முட்டையை இனி அடை வைக்க வேண்டாம்.

மூன்றாவது வாரம் தாண்டியதும் ரத்தக் கழிச்சலின் காலம். குஞ்சு இறகைச் சிலிர்த்துக் குறுகி நிற்கும், கொண்டை வெளுக்கும், எச்சத்தில் ரத்தம் தெரியும். காக்சிடியா என்ற ஒட்டுண்ணியின் வேலை இது. எச்சத்தோடு வெளிவரும் அதன் முட்டைகள் உடனே நோய் தருவதில்லை. ஈரமும் கதகதப்பும் காற்றும் கிடைத்தால் ஓரிரு நாளில் வீரியம் பெறுகின்றன. அதனால் தண்ணீர்த் தட்டைச் சுற்றி நனைந்த கூளத்தை அன்றன்றே வாரிவிடுவதே நல்ல வைத்தியம் என்பேன். நோய் வந்துவிட்டால் குடிதண்ணீரில் ஆம்ப்ரோலியம் கலந்து தருவார்கள். அளவைக் கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பி1 வைட்டமின் ஒட்டுண்ணிக்குப் போய்ச் சேராமல் தடுத்தே இந்த மருந்து வேலை செய்கிறது. தெம்புக்கு என்று அதே தண்ணீரில் பி-காம்ப்ளெக்ஸ் டானிக்கை ஊற்றினால் மருந்தின் வலு குறையும்.

எந்த வயதிலும் வரக்கூடியது, வந்தால் கூண்டையே காலி செய்வது வெள்ளைக் கழிச்சல். ராணிகேட் என்றும் இதற்குப் பெயர். 1920-களில் இமயமலை ஊரான ராணிகேட்டில் கண்டறியப்பட்டது. பச்சையும் வெள்ளையுமான கழிச்சல், இழுத்து இழுத்து விடும் மூச்சு, பிழைத்தவற்றுக்குத் திருகிய கழுத்து. வைரஸ் என்பதால் மாத்திரை எதுவும் இதைக் குணப்படுத்தாது. ஐந்தாவது நாளிலிருந்து ஏழாவது நாளுக்குள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டுத் தடுப்பு மருந்து, நான்காவது வாரத்தில் லசோட்டா என்ற தடுப்பு மருந்து, எட்டாவது வாரத்தில் ஊசி என்பது வழக்கமான முறை. இது உயிருள்ள மருந்து. ஐஸ் இல்லாமல் பையில் போட்டு வெயிலில் கொண்டுவந்தால் வெறும் தண்ணீரைச் சொட்டியதாகவே ஆகும். கரைத்த பின் ஓரிரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும்.

வேலந்தாவளம், கோபாலபுரம் வழியாகக் கோழி வண்டிகள் ஓயாமல் வந்துபோகும் எல்லை இது. வெளியிலிருந்து வாங்கிய குஞ்சுகளை இரண்டு வாரமாவது தனியாக வையுங்கள், தண்ணீர்த் தட்டு உட்பட.

குஞ்சுகள் அடுத்தடுத்துச் செத்தால் ஒன்றையாவது புதைக்காமல், அழுகுவதற்குள் ஐஸ் வைத்து அரசு கால்நடை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். அறுத்துப் பார்க்கும் மருத்துவருக்குக் குடலில் தேங்கிய ரத்தமும் வயிற்றில் கரையாமல் நாறும் மஞ்சள்கருவும் வெவ்வேறு நோய்களைக் காட்டும். மீதமுள்ள குஞ்சுகளுக்கு எதைக் கொடுப்பது என்பது அங்கே தெரிந்துவிடும்.