லாரிக்கும் இந்த ‘ட்ரக்’குக்கும் சம்பந்தமே இல்லை!

‘ட்ரக்’ என்றதும் நம் கண் முன்னால் வருவது நெடுஞ்சாலையில் ஓடும் கனரக வாகனம்தான். ஆனால், வாகனங்கள் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஆங்கிலத்தில் இன்னொரு ‘ட்ரக்’ இருந்தது. அதன் பொருள், பண்டமாற்று!

வாகன ‘ட்ரக்’, சக்கரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். பண்டமாற்று ‘ட்ரக்’கோ பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. பிரெஞ்சில் இன்றைக்கும் பண்டமாற்றுக்கு ‘த்ரோக்’ என்றுதான் பெயர். பொருளாதார மேதை ஆடம் ஸ்மித், 1776-ல் வெளியான ‘நாடுகளின் செல்வம்’ நூலில், மனிதர்களின் கொடுத்து வாங்கும் இயல்பைப் பற்றிச் சொல்லும்போது இந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறார்.

சம்பளத்துக்குப் பதில் சாமான்!

இந்தச் சொல்லுக்குக் கசப்பான ஒரு பக்கமும் உண்டு. தொழிற்புரட்சிக் கால இங்கிலாந்தில், சுரங்க, ஆலை முதலாளிகள் பலர் தொழிலாளர்களுக்குக் கூலியைக் காசாகக் கொடுக்கவில்லை. மாவு, வெண்ணெய், துணி என்று பொருளாகவோ, தங்கள் கடையில் மட்டுமே செல்லும் சீட்டாகவோ கொடுத்தார்கள். இதற்கு ‘ட்ரக் முறை’ என்று பெயர்.

அந்தக் கடைகளில் விலை அதிகம், தரம் குறைவு. வேறு கடைக்குப் போகலாம் என்றால் கையில் காசு இருக்காது. குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றாலும், வீட்டு வாடகை கட்ட வேண்டும் என்றாலும் வெண்ணெயையா நீட்ட முடியும்? கடனுக்கு வாங்கியவர்கள், அதை அடைக்க அதே முதலாளியிடமே உழைத்துக்கொண்டிருந்தார்கள்.

எதிர்ப்பு வலுத்ததால், 1831-ல் ‘ட்ரக் சட்டம்’ வந்தது. பல தொழில்களில் கூலியை நாணயமாகவே தர வேண்டும் என்றது அது. 1887-ல் அதன் வரம்பு விரிவானது. இந்தியாவில் 1936-ல் வந்த ஊதியம் வழங்கல் சட்டமும், சம்பளத்தை நாணயமாகவோ ரூபாய் நோட்டாகவோ தர வேண்டும் என்றே சொன்னது.

இன்னும் எங்கே இருக்கிறது?

அமெரிக்காவில் சந்தைக்காகக் காய்கறி விளைவிக்கும் தோட்டத்துக்கு ‘ட்ரக் ஃபார்ம்’ என்று பெயர். லாரியில் ஏற்றி அனுப்புவதால் வந்த பெயர் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், அதில் இருப்பது பழைய பண்டமாற்று ‘ட்ரக்’தான்.

‘ஹேவ் நோ ட்ரக் வித்’ என்ற ஆங்கிலத் தொடரிலும் இந்தச் சொல் பிழைத்திருக்கிறது. ஒருவரோடு எந்த உறவும் வேண்டாம் என்பது அதன் பொருள்.

நம் வீடுகளிலும் கோபம் வந்தால் என்ன சொல்வோம்? “அவங்களுக்கும் நமக்கும் இனி எந்தக் கொடுக்கல் வாங்கலும் கிடையாது!”

மொழிதான் வேறு, கோபம் ஒன்றுதான்!