காற்றாடிமலையில் ஒரு நன்றி விழா

2022ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள், உரோமை நகரில் புனித பேதுரு பேராலயத்தின் முன்னுள்ள சதுக்கத்தில், பாப்பரசர் பிரான்சிஸ் பத்துப் பேரைப் புனிதர் என அறிவித்தார். சகாராப் பாலைவனத்தில் 1916ஆம் ஆண்டு உயிரிழந்த ஒரு பிரெஞ்சுத் துறவியும், நாத்ஸிகளின் தாக்காவ் சிறைமுகாமில் 1942ஆம் ஆண்டு கொல்லப்பட்ட ஓர் ஒல்லாந்துக் குருவும் அவர்களுள் இருந்தனர். அவர்களோடு ஒருவராக, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில் பிறந்த தேவசகாயமும் இருந்தார். சரியாக மூன்று வாரங்கள் சென்றபின், ஜூன் 5ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, அவர் உயிர்நீத்த ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் நன்றி விழா எடுக்கப்பட்டது.

உரோமையில் அறிவிப்பு நிகழ்ந்த பின்னர் ஊரில் மீண்டும் ஒரு விழா எதற்கு என்று வினவலாம். தாய்நாட்டை விட்டு வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு, இவ்வினாவின் விடை ஒருவகையில் தனிப் பொருள் உடையது. ஆதலின் அதனைச் சற்று விளக்குவோம்.

கத்தோலிக்கத் திருச்சபையில் ஒருவர் புனிதராவது ஒரே நாளில் நிகழ்வதன்று. நம் பாட்டனார் காலத்தில் 'அர்ச்சிஷ்டர்' என்றும், இக்காலத்தில் 'புனிதர்' என்றும் வழங்கும் அந்நிலைக்கு முன்னர் 'முத்திப்பேறு பெற்றவர்' என்னும் படி ஒன்று உண்டு. விசுவாசத்திற்காக உயிர் கொடுத்த வேதசாட்சியாயின், அப்படியை எய்துவதற்குப் புதுமை எதுவும் நிறுவப்பட வேண்டுவதில்லை. அவர் இறந்த விதமே போதும். தேவசகாயத்துக்கு அந்நிலை 2012ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் அளிக்கப்பட்டது. நாகர்கோவிலில் ஒரு பள்ளி மைதானத்தில், திறந்தவெளியில், பாப்பரசரின் பிரதிநிதியாக வந்த கர்தினால் ஆஞ்செலோ அமாத்தோ அதனை அறிவித்தார். அடுத்த படியாகிய புனிதர் நிலைக்கோ அவர் வேண்டுதலால் நிகழ்ந்த புதுமை ஒன்று மெய்ப்பிக்கப்படல் வேண்டும். மருத்துவரும் இறையியலாரும் ஆராய்ந்தபின், 2020ஆம் ஆண்டு பிப்ரவரியில் உரோமை அதனை ஏற்றது. பின்னர்ப் பெருந்தொற்றுக் காலம் குறுக்கிட்டது.

இவ்விரு படிகளுக்கும் உள்ள வேறுபாடே நமக்கு முக்கியம். முத்திப்பேறு பெற்றவருக்குரிய பொது வணக்கம் அவருடைய மறைமாவட்டம், நாடு முதலிய எல்லைக்கு உட்பட்டது. புனிதருக்கோ உலகமெங்கும் எல்லை இல்லை. மும்பையின் தாராவியிலோ, பெங்களூரிலோ, தில்லியிலோ தமிழர் கூடும் ஆலயமொன்று கட்டப்பட்டால், இனி அதற்கு அவர் பெயரைத் தடையின்றிச் சூட்டலாம். ஊரில் இருந்தவர் ஊரைவிட்டுப் புறப்படுகிறார் என்று கூறினும் பொருந்தும். ஊரார் கூடி விழா எடுத்தது அந்த வழியனுப்புதலுக்கும் சேர்த்துத்தான் போலும்.

இனி அவர் வரலாற்றுக்கு வருவோம். 1712ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் நீலகண்டன். அந்நாளில் நட்டாலம் திருவிதாங்கூர் நாட்டில் இருந்தது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில்தான் அப்பகுதி தமிழ்நாட்டோடு இணைந்தது. ஆதலின் மலையாளமும் தமிழும் இரண்டும் அவரைத் தம்மவர் என உரிமை கொண்டாடுவதில் தவறில்லை. அவர் மார்த்தாண்டவர்ம மன்னரின் பத்மநாபபுர அரண்மனையில் அலுவலராக விளங்கினார். 1741ஆம் ஆண்டுக் குளச்சற் போரில் பிடிபட்டுப் பின்னர் அம்மன்னரின் படைத்தலைவராகவே உயர்ந்த டிலனாய் என்னும் ஒல்லாந்துப் படைவீரரின் நட்பு அவருக்குக் கிட்டியது. துன்பங்களால் மனம் நொந்திருந்தவருக்கு டிலனாய் விவிலியத்து யோபுவின் கதையைக் கூறினார் என்பர். 1745ஆம் ஆண்டு மே 14ஆம் நாள், தமிழர் பரஞ்சோதிநாதர் என்று அழைத்த புத்தாரி என்னும் இயேசு சபைக் குருவிடம், வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். இலாசர் என்னும் விவிலியப் பெயரின் தமிழாக்கமே தேவசகாயம்.

1749ஆம் ஆண்டு அவர் சிறைப்பட்டார். எருமையின்மேல் பின்புறம் நோக்கி அமர்த்தப்பட்டு ஊர் ஊராகக் கொண்டுசெல்லப்பட்டார் என்று மரபு கூறும். அரண்மனையின் சினத்திற்குச் சமயமாற்றமே காரணமா, வேறு குற்றச்சாட்டா என்பதில் வரலாற்றாசிரியரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அக்காலத்து அரசு ஆவணங்களை எதிர்பார்ப்போருக்கு அவை போதா. மிஷனரிமாரின் கடிதங்களையும் மக்கள் நினைவையும் திருச்சபை சான்றாகக் கொண்டது. 1752ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் காற்றாடிமலையில் அவர் சுடப்பட்டார். எஞ்சிய எலும்புகள் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டன.

இங்கே ஒரு செய்தியை நாம் விரிவாகவே கூற விரும்புகிறோம். 2012ஆம் ஆண்டு விழாவில் அவர் 'தேவசகாயம் பிள்ளை' என அழைக்கப்பட்டார். 2022ஆம் ஆண்டு வெறும் 'தேவசகாயம்' ஆனார். இடைப்பட்ட காலத்தில் பொதுநிலையினர் சிலர் உரோமைக்கு முறையீடு செய்தனர். ஞானஸ்நானம் பெற்றபின் எல்லா மக்களோடும் சமமாக உண்டு பழகினார், அதுவே அவர்மீது வெறுப்பு வளர ஒரு காரணம் என்று போற்றப்படுபவருக்குச் சாதிப் பட்டம் எதற்கு என்பது அவர்தம் வாதம். உரோமை அதனை ஏற்றுப் பட்டத்தை நீக்கிற்று. வரலாற்றில் இருந்த பெயரை அழிக்கலாமா என்று வருந்தியவர்களும் உண்டு. அவ்வருத்தம் பொருளற்றதென்று நாம் கூறோம். ஆனால் ஏடுகளில் அப்பெயர் நிற்கத்தான் போகிறது. பீடத்தில் எப்பெயர் நிற்க வேண்டும் என்பதே கேள்வி.

அக்கேள்வியின் கனத்தை அறிய வடக்கன்குளத்திற்குத்தான் செல்லவேண்டும். அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே ஊரில், 1872ஆம் ஆண்டு ஒரு புதிய ஆலயம் எழுந்தது. பீடம் ஒன்று, அதற்கு முன் கால்சட்டையின் இரு கால்கள் போல இரு கூடங்கள். ஒன்றில் வெள்ளாளர், மற்றதில் நாடார் முதலியோர். இடையில் சுவர். ஒருவரை ஒருவர் பாராமலே ஒரே பூசையைக் கண்டனர்! கௌசானல் என்னும் குரு 1910ஆம் ஆண்டு அச்சுவரை இடித்தார். வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்றது. சுவர் மீண்டும் எழவில்லை. தேவசகாயம் இறந்து 158 ஆண்டுகள் கழிந்த பின்னரே அச்சுவர் வீழ்ந்தது என்பதை எண்ணிப் பார்க்கவும்.

காற்றாடிமலை விழா திறந்தவெளியில் நிகழ்ந்தது, எந்த ஆலயமும் அத்துணை மக்களைக் கொள்ளாது என்பதனால்தான். எனினும் வெளியில் கூடும்போது கூடமும் இல்லை, சுவரும் இல்லை. முன்னே வந்தவர் முன்னே அமர்வர். அந்நாள் தூய ஆவியின் பெருவிழாவாகவும் அமைந்தது. பலுத்த காற்றொலி கேட்டதென்றும், பல நாட்டார் தத்தம் மொழியில் நற்செய்தியைக் கேட்டனர் என்றும் விவிலியம் கூறும் நாள் அது. ஆரல்வாய்மொழிக் கணவாயிலோ ஜூன் மாதத்தில் காற்றுக்குக் குறைவே இல்லை. சுற்றிலும் காற்றாலைகள் நிற்பதே அதற்குச் சான்று.

புனிதரின் திருநாள் ஜனவரி 14. பொங்கலுக்கு ஊர் திரும்பும் நாட்களோடு அது ஒட்டியே வருகிறது. திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் செல்லும் ரயில் வழியில் ஆரல்வாய்மொழி ஒரு நிலையம். மலையில் வியாகுல அன்னையின் ஆலயமும், தட்டினால் மணிபோல் ஒலிக்கும் பாறையும் உள்ளன. அவர் சுடப்பட்ட வேளையில் அது ஒலித்தது என்பது ஊரார் நம்பிக்கை. மணியடிச்சான் பாறை என்று கேட்டால் யாரும் வழி காட்டுவர்.