அந்தப் பத்து நிமிஷம்!

மதுரை மாட்டுத்தாவணி பஸ் நிலையம். சித்திரை மாத வெயில். பகல் 12 மணி.

நெல்லை பஸ்ஸுக்காகக் கூட்டம் நிற்கிறது. திடீரென்று ஒருவர் கீழே விழுகிறார். கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்கின்றன. வாயில் நுரை தள்ளுகிறது.

"ஐயையோ! என்னங்க... என்னங்க!" என்று கூட வந்த மனைவி அலறுகிறாள்.

கண்மூடித் திறப்பதற்குள் கூட்டம் கூடிவிடுகிறது. "யாராவது சாவி குடுங்கப்பா!" என்கிறார் ஒருவர். சாவிக் கொத்து வருகிறது. கையில் திணிக்கிறார்கள். ஒருவர் காலைப் பிடித்து அமுக்குகிறார். இன்னொருவர் பல்லுக்கு நடுவே கரண்டியை விடப் பார்க்கிறார். "சோடாவை வாயிலே ஊத்துங்க!" என்று கத்துகிறார் மற்றொருவர்.

எல்லோரும் நல்லவர்கள்தான். எல்லோர் நெஞ்சிலும் இரக்கம் இருக்கிறது. ஆனால் செய்த நாலு காரியமும் தவறு!

பஸ் நிலையம், திருவிழா, சந்தை என்று ஜனங்கள் கூடும் இடங்களில் எல்லாம் அடிக்கடி காணும் காட்சி இது. உதவ மனம் இருக்கிறது. உதவும் வழி தெரியவில்லை.

மாடு கூடிய இடம்

ஒரு காலத்தில் மாட்டுச் சந்தை கூடிய இடம் மாட்டுத்தாவணி. பெயரே அதைச் சொல்லும். 1999-ல் அங்கே பெரிய பஸ் நிலையம் வந்தது. தென் மாவட்டத்துப் பஸ்கள் இரவும் பகலும் வந்து போகின்றன. பக்கத்திலேயே பூச் சந்தையும் காய்கறிச் சந்தையும் இருக்கின்றன.

மதுரையின் பெரியாஸ்பத்திரி தூரத்தில் இல்லை. முன்பு எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று பெயர் பெற்றிருந்த அரசு ராஜாஜி ஆஸ்பத்திரிதான் அது. போனில் 108 என்று அடித்தால் ஆம்புலன்ஸ் வரும். தமிழ்நாட்டில் இந்தச் சேவை 2008-ல் தொடங்கியது. கட்டணம் கிடையாது.

ஆனால் எவ்வளவு வேகமாக வந்தாலும் ஆம்புலன்ஸ் வரச் சில நிமிஷம் ஆகும். அந்த நேரத்தில் டாக்டர் இல்லை, நர்சு இல்லை. பக்கத்தில் நிற்பவர்தான் எல்லாம். அந்தப் பத்து நிமிஷத்தில் அவர் செய்வதைப் பொறுத்தே ஓர் உயிர் நிற்கும், அல்லது போகும்.

சாவி வேண்டாம்

வலிப்பு வந்தவர் கையில் இரும்பைக் கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்பது நம் ஊர் நம்பிக்கை. "கொடுத்தோம், நின்றதே!" என்பார்கள்.

உண்மை என்ன? பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிஷத்தில் தாமாகவே நின்றுவிடும். சாவி தேடி எடுத்து வருவதற்குள் வலிப்பு அடங்கும் நேரம் வந்துவிடுகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்!

சாவி கையைக் கிழிக்கும். கரண்டி பல்லை உடைக்கும். சோடா மூச்சுக் குழலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

செய்ய வேண்டியது இதுதான். கூட்டத்தை விலக்க வேண்டும். பக்கத்தில் உள்ள பெட்டி, கல் முதலியவற்றை நகர்த்த வேண்டும். தலைக்கு அடியில் துண்டை மடித்து வைக்க வேண்டும். கழுத்துப் பொத்தானைத் தளர்த்த வேண்டும். கை கால்களை அமுக்கக் கூடாது. மணியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இழுப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். 5 நிமிஷத்துக்கு மேல் இழுத்தாலும், நினைவு திரும்பாமல் மறுபடி வந்தாலும் உடனே 108.

மூச்சும் நாடியும்

யார் மயங்கி விழுந்தாலும் முதலில் தோளைத் தட்டி, "ஐயா! ஐயா!" என்று உரக்கக் கூப்பிட வேண்டும். பதில் வருகிறதா? இல்லையென்றால் மார்பைப் பார்க்க வேண்டும். அது ஏறி இறங்குகிறதா? சும்மா இருக்கும் பெரியவர் நிமிஷத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுவார்.

அடுத்தது நாடி. நம் ஊர் வைத்தியர் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், கபம் பார்ப்பார். டாக்டர் கைவைப்பதும் அதே மணிக்கட்டில்தான். அவர் துடிப்பை எண்ணுகிறார்.

உள்ளங்கையை மேலே திருப்புங்கள். கட்டைவிரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெதுவாக வையுங்கள். கட்டைவிரலால் பார்க்கக் கூடாது. அதிலேயே ஒரு துடிப்பு உண்டு, கணக்குத் தப்பிவிடும். 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை இருக்கலாம். குழந்தைகளுக்கு இன்னும் கூடும்.

உடம்புச் சூடு சுமார் 98.4 டிகிரி. 100.4-ஐத் தாண்டினால் காய்ச்சல். ரத்த அழுத்தம் 120-க்கு 80 என்பது நல்ல கணக்கு. அடிக்கடி 140-க்கு 90-ஐத் தொட்டால் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

மூச்சு நின்றால்?

கூப்பிட்டாலும் பதில் இல்லை. மூச்சு இல்லை, அல்லது மீன் வாயைத் திறப்பதுபோல எப்போதாவது ஒரு திணறல். அப்படியானால் இதயம் நின்றுவிட்டது என்றே கொள்ள வேண்டும். நாடியைத் தேடி நேரத்தைக் கடத்தக் கூடாது. ரத்தம் ஓடாவிட்டால் நாலைந்து நிமிஷத்தில் மூளை கெட ஆரம்பித்துவிடும்.

ஒருவர் 108-ஐக் கூப்பிடட்டும். மற்றொருவர் பக்கத்தில் முழந்தாளிட வேண்டும். நெஞ்சின் நடுவில், நெஞ்செலும்பின் கீழ்ப் பாதியில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வைக்க வேண்டும். அதன் மேல் மறுகை. முழங்கை மடியாமல் 2 அங்குலம் இறங்கும்படி அழுத்தி, அழுத்தி விட வேண்டும். நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை. களைத்தால் ஆள் மாற வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக் கூடாது.

இந்த முறை பிறந்த கதை சுவையானது. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மூன்று பேர் நாய்களை வைத்துச் சோதனை செய்தார்கள். நின்ற இதயத்தை மின்சாரத்தால் ஓட வைப்பது அவர்கள் நோக்கம். அதற்கான கருவியை நெஞ்சில் அழுத்தியபோதே ரத்தம் ஓடுவதைக் கண்டார்கள்! 1960-ல் அதை உலகுக்கு அறிவித்தார்கள். மூவரில் ஒருவரான கௌவன்ஹோவன் டாக்டர் அல்ல, மின்சார எஞ்சினீயர்! உயிர் காக்க டாக்டராக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

"வாயு"தான் என்று இருக்காதீர்கள்

நெஞ்சில் பாரம் வைத்தது போல வலி. இடது கைக்கோ தாடைக்கோ வலி பரவுகிறது. வியர்த்துக் கொட்டுகிறது. "வாயுப் பிடிப்பு, ஒரு சோடா குடித்தால் சரியாகும்" என்று படுத்துக்கொண்டவர்கள் பலர். சிலர் எழுந்திருக்கவே இல்லை.

அவரை நடக்க விடக் கூடாது. சாய்வாக உட்கார வைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும். நெஞ்சுவலியோடு வருபவர்களுக்கு முதல் வேளை மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுக்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2023-ல் தொடங்கியது. காலம் தாழ்த்தினால் எந்த மாத்திரையும் பயன்படாது.

வாய் ஒரு பக்கம் கோணினாலும், ஒரு கை தூக்க வராவிட்டாலும், பேச்சுக் குளறினாலும் அது பக்கவாதம். அப்போதும் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது.

வெயிலும் தீயும்

அக்கினி நட்சத்திர வெயிலில் ஒருவர் சுருண்டு விழுகிறார். உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. பேச்சுத் தடுமாறுகிறது. நிழலுக்குத் தூக்கிச் செல்லுங்கள். உடம்பு முழுதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். அக்குளிலும் கழுத்திலும் ஈரத்துணி வையுங்கள். நினைவு தெளியாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

அடுப்படியில் கை சுட்டுவிட்டால் மையும் வேண்டாம், பற்பசையும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். 20 நிமிஷம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். வளையல், மோதிரத்தைக் கழற்றுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள்.

அரிவாள்மனை வெட்டி ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். நனைந்தால் அதை எடுக்காமல் மேலே இன்னொரு துணியை வையுங்கள்.

வயலில் பாம்பு

மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் வயலில் பாம்பு கடித்தால் என்ன செய்கிறார்கள்? கயிறு போட்டு இறுக்குகிறார்கள். பிளேடால் கீறுகிறார்கள். வாயால் உறிஞ்சுகிறார்கள். மூன்றும் தவறு! இறுக்கிக் கட்டினால் காலையே இழக்க நேரும்.

கடிபட்டவருக்குத் தைரியம் சொல்ல வேண்டும். நடக்க விடக் கூடாது. கொலுசு, மெட்டியைக் கழற்ற வேண்டும். கடிபட்ட காலை எலும்பு முறிந்த காலைப் போல அசையாமல் வைத்து, நேரே அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பாம்பைத் தேடி அலைய வேண்டாம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் ஒரே மருந்துதான். அதற்கு வேண்டிய விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்களில் நம் இருளர் மக்களும் உண்டு. மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில், 1978-ல் தொடங்கிய அவர்களது கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது.

போலீஸ் பயம்

சாலையில் அடிபட்டுக் கிடப்பவரைப் பார்த்தும் பலர் ஒதுங்கிப் போகிறார்கள். கல் மனசு அல்ல, பயம்! "தொட்டால் சாட்சி, கோர்ட்டு என்று அலைய வேண்டுமே!"

இந்தப் பயம் இனி வேண்டாம். உதவி செய்பவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற விதிகளை 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு உறுதி செய்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் அந்தப் பாதுகாப்பு சேர்க்கப்பட்டது. தூக்கிச் சென்றவர் தம் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் கூட இல்லை.

இன்று இரவே!

இன்று இரவு சாப்பாடு முடிந்ததும் வீட்டில் எல்லோரும் உட்காருங்கள். தாத்தாவின் நாடியைப் பேரன் எண்ணட்டும். பாட்டியின் மூச்சைப் பேத்தி எண்ணட்டும். 108 என்ற எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

மறுபடியும் மாட்டுத்தாவணிக்கு வருவோம். அதே வெயில். அதே கூட்டம். ஒருவர் விழுகிறார். "சாவி குடுங்கப்பா!" என்று குரல் கேட்கிறது.

"சாவி வேண்டாம் அண்ணே. கொஞ்சம் காற்று விடுங்க. அந்தத் துண்டைக் குடுங்க, தலைக்கு வைப்போம்" என்கிறாள் ஒரு பள்ளிக்கூடப் பெண்.

அந்தப் பெண் உங்கள் வீட்டுப் பெண்ணாக இருக்கட்டும்!