ஹிக்கியின் மெலடிகள்: பாட்டுக்குள் எட்டிப் பார்ப்போமா?

முதலில் பியானோ. பிறகு, குரல் எழும் முன் ஒரு சின்ன மூச்சு. 1999-இல் ஜப்பானில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு இதற்குமேல் எதுவும் வேண்டாம், பாட்டு எது என்று சொல்லிவிடுவார்கள். ‘ஃபர்ஸ்ட் லவ்’! பாடியவர் ஹிகாரு உட்டாடா, ரசிகர்களுக்குச் செல்லமாக ஹிக்கி. வரிகளும் அவருடையவை, மெட்டும் அவருடையது. பாட்டு வெளிவந்தபோது வயது 16.

பதினாறு வயதில் வெளியிட்ட காதல் தோல்விப் பாட்டின் முதல் வரியிலேயே முத்தமும் புகையிலையின் கசப்பும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. பூ, நிலா, மழை எதுவும் கிடையாது. எத்தனை தடவை கேட்டாலும் எனக்கு அந்தத் துணிச்சல் புதிதாகவே இருக்கிறது.

இந்தப் பிள்ளை வளர்ந்ததே ஸ்டுடியோக்களில்தான். 1983 ஜனவரியில் நியூயார்க்கில் பிறந்தவர். அப்பா தெருஸானே இசைத் தயாரிப்பாளர். அம்மா கெய்கோ ஃபூஜி, என்கா என்ற சோகப் பாட்டு மரபின் பெருங்குரல்களில் ஒருவர். அம்மாவின் முதல் இரண்டு ஆல்பங்களும் 1970-இல் ஒன்றன்பின் ஒன்றாக 37 வாரம் ஜப்பானிய விற்பனைப் பட்டியலின் உச்சியில் இருந்தன. அந்த வீட்டுப் பிள்ளை முதலில் பாடியதோ ஆங்கிலத்தில். டோஷிபா இ.எம்.ஐ. தயாரிப்பாளர் அகிரா மியாகே, ஜப்பானிய மொழியில் எழுதிப் பாருங்களேன் என்று தூண்டினார். 1998 டிசம்பரில் முதல் ஜப்பானிய மொழி சிங்கிள் வந்தது. மூன்று மாதத்தில் ‘ஃபர்ஸ்ட் லவ்’ ஆல்பம். 76 லட்சம் பிரதிகளுக்கும் மேல் விற்ற அந்த ஆல்பத்தை ஜப்பானில் இன்றுவரை எந்த ஆல்பமும் முந்தவில்லை.

ஆல்பம் கடைகளில் பறந்துகொண்டிருந்தபோதே அதன் தலைப்புப் பாட்டு டிபிஎஸ் தொலைக்காட்சியின் ‘மஜோ நோ ஜோகென்’ தொடருக்கு மையப் பாட்டானது. ஆசிரியைக்கும் மாணவனுக்கும் இடையிலான காதல் கதை அது. வாரம்தோறும் கதை முறுகும் இடத்தில் அந்தப் பியானோ வந்தால் வீடு வீடாக என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்!

சரி, பாட்டுக்குள் போவோம். ஹிக்கிக்குப் பெரும்பாலும் மெட்டுதான் முதலில் வரும், வார்த்தை பின்னால் வரும். மெட்டுக்குப் பாட்டெழுதிப் பழகிய நம்மவர்களுக்கு இந்த முறை புரியும். ஆனால் இங்கே இரண்டு வேலையும் ஒரே தலைக்குள் நடக்கிறது. இப்போது ஹெட்போனை மாட்டிக்கொண்டு பின்னணிக் குரல்களை மட்டும் கவனியுங்கள். இழைந்து இழைந்து வரும் குரல்கள் அத்தனையும் ஹிக்கியே! தன் குரல்மேல் தன் குரலையே அடுக்கிக்கொண்டு போகிறார். ‘ஃபர்ஸ்ட் லவ்’ பாட்டின் இசைக்கோர்ப்பு கெய் கவானோவுடையது. கடைசிப் பல்லவியில் சுருதி அரைப்படி ஏறுகிறது பாருங்கள், அந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சு ஒரு கணம் நின்று போகும்.

இந்த மெலடிகளில் எனக்கு மிகப் பிடித்த ரகசியம் ஒன்று உண்டு. ஹிக்கியின் பெரிய மெலடிகளில் இரண்டு, முதலில் இப்படி மெதுவாக இருக்கவே இல்லை. ‘ஃப்ளேவர் ஆஃப் லைஃப்’ துள்ளலான நடையிலும் இருக்கிறது. ‘ஹனா யோரி டாங்கோ’ தொடரின் இரண்டாம் பருவத்தில் ஒலித்ததோ தாளத்தைத் தளர்த்திய பாலட் வடிவம். 2007-இல் ஜப்பானியர்களின் கைபேசிகளை அள்ளிக்கொண்ட வடிவமும் அதுதான். அடுத்த ஆண்டு ‘ஹார்ட் ஸ்டேஷன்’ ஆல்பத்தில் பாலட்டுக்கு நான்காம் இடம், துள்ளல் வடிவத்துக்குக் கடைசியில் இலவச இணைப்பு போல ஓர் ஓரம்! இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். அதே மெட்டு, அதே வரிகள். வேகம் குறைந்ததும் சொல்லத் தயங்கிய வார்த்தைகளெல்லாம் வெளியே வந்துவிடுகின்றன.

இன்னொன்று ‘ஃபைனல் டிஸ்டன்ஸ்’. இங்கே என் குதூகலத்தைக் கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். ‘டிஸ்டன்ஸ்’ என்ற பாட்டு 2001-இல் இரண்டாம் ஆல்பத்தில் உற்சாகமாகவே வந்தது. அந்த ஆண்டு ஜூன் 8 அன்று ஒசாகா மாகாணத்து இகேடா தொடக்கப் பள்ளியில் புகுந்த ஒருவன் எட்டுக் குழந்தைகளைக் கொன்றான். அவர்களில் ஒரு சிறுமிக்கு ஹிக்கி என்றால் உயிர். ஜூலையில் அதே பாட்டு பியானோவும் வயலின்களுமாக, மெதுவாக, வேறு பாட்டாகவே வந்தது. அந்தச் சிறுமிக்கு அதைக் காணிக்கையாக்கினார் ஹிக்கி. முன்னதில் இருவருக்கு நடுவே இருந்த விளையாட்டான இடைவெளி, பின்னதில் கடக்கவே முடியாத தூரமாகிவிடுகிறது.

2013 ஆகஸ்டில் அம்மா இறந்துபோனார். 2010-இல் ஓய்வை அறிவித்து ஒதுங்கியிருந்த ஹிக்கி முழுதாகத் திரும்பி வந்தது 2016-இல். அப்போது வந்தது ‘ஹனதபா ஓ கிமி நி’, என்எச்கே-யின் காலைத் தொடர் ‘டோட்டோ நேச்சான்’ தொடங்கும்போது ஒலிக்கும் பாட்டு. தேநீரோடும் அவசரத்தோடும் ஜப்பான் தினமும் காலையில் கேட்டது அம்மாவுக்கு ஒரு பிள்ளை எழுதிய வழியனுப்பும் மடலை! காலை நேரத்துக்கு ஏற்ற வெளிச்சமான மெட்டு, அதற்குள் அத்தனை பெரிய துக்கம். அழவைக்க ஒரு இடத்திலும் முயலவில்லை. என்னைக் கேட்டால் ஹிக்கியின் ஆகச்சிறந்த மெலடி இதுதான், ‘ஃபர்ஸ்ட் லவ்’ ரசிகர்கள் சண்டைக்கு வந்தாலும் சரி. அந்த ஆண்டின் ‘ஃபாந்தோம்’ ஆல்பம் முழுவதுமே அம்மாவுக்கான படையல்.

2018-இல் ‘ஹட்சுகோய்’ வந்தது. முதல் காதலை முப்பத்தைந்து வயதில் நின்று திரும்பிப் பார்க்கும் பாட்டு. இந்த இரண்டு முதல் காதல் பாட்டுகளையும் விதையாக வைத்து இயக்குநர் யூரி கன்சிகு ஒரு முழுத் தொடரையே எழுதி இயக்கினார். 2022 நவம்பரில் அது நெட்ஃபிளிக்ஸில் வந்ததும் 1999-இன் பாட்டு மறுபடி பட்டியல்களில் ஏறிவிட்டது!

புதிதாகக் கேட்க வருபவர்களுக்கு 2024-இல் வந்த ‘சயன்ஸ் ஃபிக்‌ஷன்’ தொகுப்பு நல்ல வாசல். ‘ஃபர்ஸ்ட் லவ்’, ‘ஹனதபா ஓ கிமி நி’, ‘ஃப்ளேவர் ஆஃப் லைஃப்’ பாலட் மூன்றும் அதில் இருக்கின்றன. ‘ஃபைனல் டிஸ்டன்ஸ்’ கேட்க 2002-இன் ‘டீப் ரிவர்’ ஆல்பத்துக்குப் போங்கள். மொழி தெரியாதே என்று தயங்காதீர்கள், முதல் தடவை வரிகளின் பொருளைத் தேடாமலே கேளுங்கள்.