வேலையை விட்டுப் போனவரின் அக்கவுன்ட்டை யார் மூடுவது?

ஒருவர் வேலையை விட்டுப் போகிறார். ஐடி கார்டு, லேப்டாப் எல்லாம் திரும்ப வாங்கியாச்சு. ஆனால், 40 சர்வர்களில் அவர் பெயரில் இருக்கும் அக்கவுன்ட்? ஒவ்வொன்றாக உள்ளே போய் மூட யாருக்கு நேரம் இருக்கிறது!

அப்படித் தங்கிவிடும் அக்கவுன்ட் என்ன செய்யும் என்பதை 2021 மே மாதம் அமெரிக்கா பார்த்தது. யாரும் பயன்படுத்தாத ஒரு பழைய விபிஎன் அக்கவுன்ட் வழியாகத்தான் காலனியல் பைப்லைன் நிறுவனத்துக்குள் ஹேக்கர்கள் நுழைந்தார்கள். பாஸ்வேர்டு மட்டும் இருந்தால் போதும். ஓடிபி மாதிரி இரண்டாவது பூட்டு கிடையாது. கிழக்குக் கடற்கரை மாகாணங்களுக்கு எரிபொருள் கொண்டுபோகும் குழாய் பல நாள் நின்றது. பெட்ரோல் பங்க்குகளில் நீண்ட வரிசை. நிறுவனம் 75 பிட்காயின் கொடுத்தது.

இந்த வேலையைத்தான் பல இடங்களில் ஸ்கிரிப்டிடம் விடுகிறார்கள். ஏதோ பெரிய மென்பொருள் என்று நினைக்க வேண்டாம். அட்மின் கையால் டைப் செய்யும் அதே கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த ஒரு ஃபைல், அவ்வளவுதான். எச்.ஆர். தரும் பட்டியலைப் படித்து, ராத்திரி 2 மணிக்குத் தானாக ஓடி, எல்லா சர்வரிலும் வேலையை முடித்துவிடும்.

எந்தக் கட்டளையை எழுதுகிறோம் என்பதில்தான் சிக்கல். லினக்ஸில் 'யூசர்மாட்' கட்டளையோடு பெரிய 'எல்' போட்டால் அக்கவுன்ட் பூட்டப்படும். நிஜத்தில் பூட்டப்படுவது பாஸ்வேர்டு மட்டுமே. எஸ்எஸ்ஹெச் சாவி வைத்திருப்பவர் அப்போதும் உள்ளே வரலாம்! அக்கவுன்ட்டின் காலாவதித் தேதியையும் கடந்துபோன நாளாக மாற்ற வேண்டும். ஒரேயடியாக 'யூசர்டெல்' போட்டு அழித்துவிடலாமே என்றால், அதோடு 'ஆர்' சேர்த்தால் அவருடைய ஹோம் டைரக்டரியும் போய்விடும். அதில் டீமுக்குத் தேவையான ஃபைல் இருந்தால்? முதலில் முடக்குவது, சில வாரம் கழித்து அழிப்பது என்று பிரிப்பதே என் பார்வையில் சரி.

ஏன் இவ்வளவு பயம்? நீங்கள் ஆபீஸில் ஜிரா பயன்படுத்துபவர் என்றால் அட்லாசியனைத் தெரிந்திருக்கும். 2022 ஏப்ரல் 5 அன்று, வாடிக்கையாளர் தளங்களிலிருந்து ஒரு பழைய ஆப்பை மட்டும் நீக்க அங்கே ஒரு ஸ்கிரிப்டை ஓட்டினார்கள். கொடுக்க வேண்டியது ஆப்பின் ஐடி. கைமாறிய பட்டியலில் இருந்தவை முழுத் தளங்களின் ஐடி. இரண்டையும் ஏற்கும்படி சிஸ்டம் அமைந்திருந்ததால், 'நிஜமாகவே அழிக்கவா?' என்றுகூடக் கேட்கவில்லை. 23 நிமிடத்தில் 883 தளங்கள் காலி. பேக்கப் இருந்தது. ஆனால் மற்ற வாடிக்கையாளர்களின் டேட்டாவைத் தொடாமல் இவற்றை மட்டும் மீட்கத் தயாரான ஸ்கிரிப்ட் இல்லை. கடைசித் தளம் திரும்பி வந்தது ஏப்ரல் 18-ல்.

அந்த ஸ்கிரிப்டை இன்னொருவர் சரிபார்க்காமலும் இல்லை. அவர்கள் பார்த்தது கோடு, பட்டியலை அல்ல.

அனுபவசாலிகள் 'டிரை ரன்' கேட்பது இதற்குத்தான். அதாவது, எதையும் தொடாமல், எதைத் தொடப்போகிறது என்பதை மட்டும் ஸ்கிரிப்ட் காட்ட வேண்டும். கூடவே ஒரு வரம்பு: தினமும் இரண்டு, மூன்று பேர் வரும் பட்டியலில் திடீரென 300 பெயர் வந்தால், ஸ்கிரிப்ட் தானாக நின்று ஆளைக் கூப்பிட வேண்டும்.